விடுதலைக்கு முந்தைய 90 நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயின் பறிப்பு, பைக் திருட்டு, கஞ்சா வழக்கு என்று தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் ஒரே குரல் கேட்கிறது: "தண்டனையைக் கூட்டுங்கள், ஜாமீனே கொடுக்காதீர்கள்." அந்தக் கோபம் நியாயமானது. தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய், "பறித்தவனைத் திருத்தப் போகிறோம், பொறுத்துக்கொள்ளம்மா" என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆள் ஒருநாள் வெளியே வருவான். சாகும்வரை சிறை, தூக்கு என்று தீர்ப்பான சிலரை விட்டால், உள்ளே போன எல்லோரும் வேலூர் தொரப்பாடி மத்திய சிறையின் வாசல் வழியாக வெளியே வந்து நம் ஊருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். வரும்போது அவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"தண்டனையா, திருத்தமா" என்று பட்டிமன்றம் போல் பேசும்போது ஒரு விஷயம் மறந்துபோகிறது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் தண்டனையே பெறாதவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல். இவர்களுக்குத் தொழிற்பயிற்சி கிடையாது, திட்டமிட்ட விடுதலைத் தேதி கிடையாது. அடுத்த வாய்தா எப்போது என்பதுதான் அவர்களுடைய காலண்டர்.

இங்கேதான் முதல் கோளாறு. பைக் திருட்டில் சிக்கிய 19 வயதுப் பையன் இரண்டு மாதம் உள்ளே இருக்கிறான். ஜாமீன் உத்தரவு வந்தாலும், வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட இரண்டு பேர் கிடைப்பதில்லை. யாரோ யோசனை சொல்கிறார்கள்: "குற்றத்தை ஒப்புக்கொள், இருந்த நாளையே தண்டனையாக எழுதி விட்டுவிடுவார்கள்." ஒப்புக்கொள்கிறான், அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகிறான். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அன்றைக்கு அவன் தண்டிக்கப்பட்டவன் ஆகிவிட்டான். 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் முதல் முறை தண்டிக்கப்படுபவருக்குச் சமூக சேவைதான் தண்டனை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு சொல்கிறது. அது இனி அவனுக்கு இல்லை. முதல் முறை குற்றவாளிக்கு, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தாலே ஜாமீன் என்று புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு சொல்கிறது. அதுவும் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் "தண்டனை பெற்றதுண்டா" என்ற கட்டத்தில் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். அவசரத்துக்குக் கிடைத்த விடுதலைக்கு ஆயுள் முழுக்க வட்டி கட்டுகிறான்.

இதற்கு வழி 1958ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, தூக்கோ ஆயுளோ விதிக்க இடமில்லாத குற்றத்தில் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி விடுவிக்கலாம். பத்திரம் மூன்று ஆண்டு வரை போகலாம். நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைப்பதானால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. 5ஆவது பிரிவில் பொருளை இழந்தவருக்கு அந்தப் பையனிடமிருந்தே நஷ்ட ஈடு வாங்கித் தரலாம். வயது 21க்குக் கீழ் என்றால், சிறைக்கு அனுப்பும் முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்க வேண்டும், சிறைதான் என்று முடிவு செய்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்கிறது 6ஆவது பிரிவு. இவற்றைவிடப் பெரியது 12ஆவது பிரிவு: இச்சட்டத்தின் 3ஆவது, 4ஆவது பிரிவுகளில் விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பினால் எந்தத் தகுதியிழப்பும் வராது. இதே பையன் இந்த வழியில் வெளியே வந்திருந்தால் கதையே வேறு. ஆனால் அறிக்கை வர நாளாகும். பையனின் தாய்க்கு அவன் இன்றைக்கே வெளியே வர வேண்டும். வக்கீலுக்கு வழக்கை முடிக்க வேண்டும். எங்கள் வக்கீல் தொழிலில் இருப்பவர்களும் இதற்குப் பொறுப்பு என்பதை மறைக்க விரும்பவில்லை.

479ஆவது பிரிவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மூன்றாண்டு வரை தண்டிக்கக்கூடிய சாதாரணத் திருட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றால் ஓராண்டு. வீட்டுக்குள் புகுந்து திருடினால் ஏழாண்டு வரை, அதில் மூன்றில் ஒரு பங்கு 28 மாதம். அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது. திருட்டு வழக்கில் பிடிபட்டவர் மீது கண்டுபிடிக்காமல் கிடந்த பழைய வழக்குகளும் சேர்ந்துவிட்டால், சட்டம் கொடுத்த சலுகை காகிதத்தோடு நின்றுவிடுகிறது. ஜாமீன் கிடைத்தும் பணமில்லாமல் கிடப்பவர்களுக்கு மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் இருக்கிறது. தொடங்கியபோது அதன் வரம்பு, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை. ஆள் கிடைக்காமல் உள்ளே இருக்கும் மகனுக்காகக் கந்துவட்டிக்கு வாங்கும் முன், சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள் என்று இதைப் படிக்கும் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி, தண்டனை முழுவதையும் கழித்துவிட்டு வருகிறவர். ஐந்து ஆண்டுக்குப் பிறகு பையோடு வாசலில் நிற்கிறார். கையில் வைத்திருந்த செல் நம்பர் எப்போதோ வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஆதாரில் அந்தப் பழைய எண்தான் இருக்கிறது. எதற்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி அந்த எண்ணுக்குப் போகிறது. இரண்டு ஆண்டாகப் பணம் போடாமல் எடுக்காமல் கிடந்த வங்கிக் கணக்கு முடங்கியிருக்கிறது. திறக்க மீண்டும் ஆவணம் கொடுக்க வேண்டும், அந்த ஆவணத்துக்கு ஓடிபி வேண்டும். லாரி ஓட்டியவர் என்றால் லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருக்கும். அப்படித் தாண்டிவிட்டால் புதுப்பித்தல் இல்லை, மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்பது கடைக்குப் போனால்தான் தெரியும். இத்தனையையும் சரிசெய்ய ஒரு மாதம் அலைய வேண்டும். அந்த ஒரு மாதத்தில் சாப்பாட்டுக்கு என்ன வழி? பழைய கூட்டாளி மட்டும் முதல் நாளே செலவுக்குப் பணம் தந்துவிடுவான். மறுபடி உள்ளே போகிறவர்களின் பாதை பெரும்பாலும் இந்த முதல் மாதத்தில்தான் தொடங்குகிறது.

இதைத் தடுக்கப் புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. தண்டனைக் கைதியின் விடுதலைத் தேதி சிறைப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு 90 நாள் முன்னால் வேலையைத் தொடங்கலாம். ஆதாரில் செல் நம்பர் மாற்றக் கைரேகை போதும், வேறு ஆவணம் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை ஒரு ஆபரேட்டரும் ஒரு மெஷினும் சிறைக்குள் போய், விடுதலையாகப் போகிறவரின் மனைவி அல்லது தாயாரின் எண்ணை இணைத்துவிடலாம். சிறையில் சம்பாதிக்கும் கூலியின் ஒரு பகுதியை மாதாமாதம் அவருடைய வெளிக் கணக்கிலேயே போட்டால் கணக்கு முடங்காது. மனநோய்க்கோ வலிப்புக்கோ உள்ளே மாத்திரை சாப்பிட்டவர் வெறுங்கையோடு வந்தால் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குப் போய்விடுவார். 30 நாள் மாத்திரையும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு கடிதமும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

வேலை விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு இருக்கும் வாய்ப்பு வேறெங்கும் இல்லை. வேலூர் சிறையில் ஷூ தைக்கும் பிரிவு இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் ஆம்பூர், ராணிப்பேட்டை. இரண்டையும் இணைப்பதில் கவனிக்க வேண்டியது பயிற்சியின் தன்மை. போலீஸ் பூட்ஸுக்குத் தடித்த தோல், ஏற்றுமதி ஷூவுக்கு மெல்லிய தோல். மெல்லிய தோலை மடித்துத் தைக்கும் முன் ஓரத்தைச் சீவி மெலிதாக்க வேண்டும். கொஞ்சம் குறைவாகச் சீவினால் மடிப்பு புடைத்துக்கொண்டு நிற்கும், கூடுதலாகச் சீவினால் தையல் போகிற இடத்திலேயே கிழியும். தடித்த தோலில் மட்டும் கை பழகியவர் ஃபேக்டரி லைனில் முதல் வாரமே ரிஜெக்ட் குவித்துவிட்டு வெளியே நிற்பார். "ஜெயிலில் கற்றவன் இப்படித்தான்" என்று பெயரும் வந்துவிடும். கடைசி மூன்று மாதமாவது ஃபேக்டரியில் ஓடும் அதே வகை மெஷினில், அதே தோலில் பழக்க வேண்டும். கொடுக்கும் சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது, பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் பெயர் மட்டும் போதும்.

திருத்துவது நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். கள்ளச்சாராயத் தொழிலை விட்டு மனம் திருந்தியவர்களுக்கு மறுவாழ்வு நிதி கொடுக்கும் திட்டம் தமிழக அரசிடம் ஏற்கெனவே உண்டு. பிழைக்க வேறு வழி கொடுத்தால் ஆள் மாறுவான் என்று அரசே ஏற்றுக்கொண்ட கொள்கை அது. ஜவ்வாது மலையிலிருந்து செம்மரம் வெட்டப் போகிறவர்கள் விஷயத்தையும் பாருங்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உயிர்ப்பலியைவிடக் கடுமையான தண்டனை எது? அதற்குப் பிறகும் மரம் வெட்டப் போய்க் கைதாகிறவர்கள் இருந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மேஸ்திரி கொடுத்த முன்பணமும், ஆந்திரச் சிறையிலிருந்து மீட்க வாங்கிய கடனும் அப்படியே இருக்கும்போது அந்த மனிதர் என்னதான் செய்வார்?

எல்லோரையும் திருத்திவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கூலிக்குக் கொலை செய்கிறவர், குழந்தைகளைக் குறிவைக்கிறவர் போன்றவர்களை நீண்ட காலம் உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும். முன்விடுதலை என்று வரும்போது கழிந்த ஆண்டுகளை மட்டும் எண்ணாமல், ஆளை மதிப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். குண்டாஸ் போட்டுவிட்டால் விசாரணையை நடத்திய மாதிரி என்று நினைப்பதையும் ஏற்க முடியவில்லை. 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம், அவ்வளவுதான். அதற்குள் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு ரத்தாகி ஆள் வெளியே வருகிறார், மூல வழக்கோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டுத் திருத்தம் பேசக் கூடாது. சங்கிலி பறிகொடுத்த பெண்ணுக்கு ஆள் பிடிபட்டதே பேப்பரைப் பார்த்துத்தான் தெரிகிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவருக்குக் காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்று இப்போது சட்டத்திலேயே, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆவது பிரிவில், இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். சிறைக் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று 1998லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே ஷூ தைப்பவரின் கூலி உயர்ந்தால் அந்தப் பங்கும் உயரும்.

தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் நிலையம் 1979 முதல் நம் வேலூரில்தான் இருக்கிறது. ஆகவே 90 நாள் ஏற்பாட்டை முதலில் தொரப்பாடியில் தொடங்கிப் பார்க்கலாம். அடுத்த மூன்று மாதத்தில் விடுதலையாக இருப்பவர்களின் பட்டியலைச் சிறை நிர்வாகம் மாதாமாதம் 1ஆம் தேதி நன்னடத்தை அலுவலருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பட்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உள்ளே வந்து மனு எழுத எங்களில் சிலர் கட்டணம் வாங்காமல் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.