கெர்டா லெர்னர் அம்மாவுக்கு, தேவிகுளத்திலிருந்து

அன்புள்ள கெர்டா லெர்னர் அம்மாவுக்கு,

கேரளத்தில் தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, எழுதுகிறேன். அம்மா, அம்மாச்சி, அவளைப் பெற்றவள் என்று மூன்று தலைமுறையும் இந்த மலையில் கொழுந்து கிள்ளியவர்கள். நான் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். அமெரிக்காவில் பெண்கள் வரலாற்றை எழுதிய வரலாற்றாசிரியரான நீங்கள் 2013 ஜனவரியில் காலமானீர்கள். நான் உங்களைப் படித்தது அதற்கெல்லாம் பிறகுதான். ஆனாலும் இதை உங்களிடம்தான் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

2015 செப்டம்பரில் எங்கள் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸைப் பாதியாக்கியதில் வந்த கோபம். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடாமல் 9 நாள் நின்றார்கள். 'பெண்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பேர். இவர்களுக்கு இப்படிப் பேச எப்போது தெரிந்தது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் அன்றைக்கு அது புதுசாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் சொன்னேன். "எடையில ஏமாத்துறான்னு நாங்களும் கூடையக் கவுத்துப் போட்டு உக்காந்தோம்ல. உங்கம்மா அப்ப கைப்பிள்ள" என்றாள். 27 வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை.

1993-இல் வந்த உங்கள் புத்தகம் இதைத்தான் சொல்கிறது. பெண்ணும் மனுஷிதான் என்று பைபிளை வைத்தே வாதாடிய பெண்கள் ஐரோப்பாவில் நூற்றாண்டு நூற்றாண்டாக இருந்திருக்கிறார்கள். முன்னால் ஒருத்தி வாதாடியது அடுத்தவளுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் முதலிலிருந்து தொடங்கினாள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அம்மாச்சி கவிழ்த்த கூடைதான் கண்ணில் நின்றது.

உங்கள் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அந்த வியன்னா சிறை. 1938, நாஜிகள் உள்ளே வந்துவிட்டார்கள். ஆறு வாரம் அடைத்து வைத்தார்கள், 18-ஆவது பிறந்தநாளும் அங்கேயே போனது. யூதர்களுக்குச் சாப்பாட்டு அளவைக் குறைத்தபோது, கூட இருந்த இரண்டு பெண்கள் தங்கள் பங்கைக் கொடுத்து உங்களைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடம் அமெரிக்கா. ஹோட்டலில் பரிமாறினீர்கள், எக்ஸ்ரே எடுத்தீர்கள், பிள்ளைகளை வளர்த்தீர்கள். பி.ஏ. முடித்தபோது வயது 43. அதை முடிப்பதற்குள்ளேயே பெண்கள் வரலாற்றைப் பாடமாக நடத்தியும்விட்டீர்கள்! 1966-இல் முனைவர் பட்டம், 1972-இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் பெண்கள் வரலாற்றுக்கென்றே முதுகலைப் படிப்பு, அப்புறம் விஸ்கான்சின் பல்கலைக்கழகம்.

ஆணாதிக்கம் எப்படி உருவானது என்று மெசபடோமியா வரை போய் நீங்கள் எழுதிய 1986 புத்தகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட, 1972-இல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் ஆவணங்களைத் தொகுத்தீர்களே, அதுதான் பெரிய வேலை. அடிமையாக இருந்தவள், வீட்டு வேலை செய்தவள், டீச்சர் என்று அவரவர் சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே அதில் வைத்தீர்கள். கடிதமும் வாக்குமூலமும் வரலாறுதான் என்று எனக்கு யாரும் அதற்கு முன் சொல்லித் தரவில்லை.

அடுத்த வருடம் அம்மா ஓய்வு பெறுகிறாள். வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்யவேண்டும். போடிமெட்டு இறங்கித் தேனிப் பக்கம் போய்விடுவோம். இந்த மலையில் வீடு வீடாக இப்படித்தான் போகிறது. ஆள் போனால் பேச்சும் கூடவே போய்விடுகிறது. அம்மாவின் தகரப் பெட்டியில் சம்பளச் சீட்டுகள், ரேஷன் கார்டு, 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் பூட்டியின் பேரில் எழுதிய ஒரு தாள் இருக்கின்றன. அந்தத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டேன்: பேச்சியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து லயங்களுக்கு நோட்டோடு போகிறேன். இதுவரை 11 பாட்டிமார் பேசியிருக்கிறார்கள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. "இதெல்லாம் எதுக்கு டீச்சரு?" என்பார்கள். கூடை கவிழ்த்த கதையைச் சொன்னால் அவர்களுக்கும் ஒன்று ஞாபகம் வந்துவிடுகிறது.

அம்மாச்சிக்குத்தான் இப்போது அவசரம். அன்றைக்குத் தன்னோடு உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஏழு பேர் வந்துவிட்டார்கள். எட்டாவது ஆள், கழுத்தில் பச்சை குத்தியவள், அவள் பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
ஒரு எஸ்டேட் பள்ளி டீச்சர்