செயலாளர் ஆண்டறிக்கை: அருங்காட்சியகத்தின் புதுக் கட்டடம் திறந்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

"அடுத்த பொதுக்குழு புதுக் கட்டடத்தில்தான்" என்று போன வருடம் நான் சொன்னபோது பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். இன்று நீங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அந்தத் தேதியிலேயே அருங்காட்சியகத்தைத் திறக்க ஆசைப்பட்டோம். கூரை வேலை எடுத்தவர் விடவில்லை. முதல் மழையிலேயே ஒழுகி, பிரித்துப் போட வேண்டியதாயிற்று. தைப்பூசக் காவடி முடிந்த மறு ஞாயிறுதான் மாதர் குழு பால் காய்ச்ச, குத்துவிளக்கு ஏற்றினோம். மேடைப் பேச்சுகள் நீண்டுவிட்டன. என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முன்பு நம் காகிதங்களை வைத்திருந்த, கோயிலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் டர்பனின் கடல் காற்றும் ராமபாணப் பூச்சியும் நமக்கு முன்பே வரலாற்றைப் படித்து முடித்துக்கொண்டிருந்தன. பழைய தமிழ்ப் பள்ளிப் பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு முதலெழுத்தே இல்லை. இப்போது காகிதங்கள் ஈரம் புகாத தனி அறையில் இருக்கின்றன. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டரை ஓடவிட ஓர் ஆள் வேண்டும். முறை வைத்திருக்கிறோம், சிலர் முறையை மறக்கிறார்கள்.

கூட்டம் அதிகம் சேர்வது கப்பல் பட்டியல் மேசையில்தான். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். பித்தளைச் செம்பு ஒன்றைக் கொடுக்க வந்த ஆயா ஒருவர், குடும்பத்தில் காப்பாற்றி வைத்திருந்த எண்ணைப் பேரனிடம் சொல்லித் தேடச் சொன்னார். பேரனின் குடும்பப் பெயர் இப்போது கோவெண்டர். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருந்தது கவுண்டன், வட ஆற்காடு. பையன் வாசித்துக்கொண்டே போய், "முழங்காலுக்குக் கீழே தழும்பு" என்றான். ஆயா கேட்டது ஒன்றுதான்: "எந்தக் காலு?" இடது என்றதும், "ஏர் குத்தினதுன்னு எங்கம்மா சொல்லும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் செம்பு வாசலை அடுத்த முதல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. நசுங்கிய பக்கம் வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னது நான்தான்.

வள்ளியம்மை படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதில் செயற்குழு இரண்டு கூட்டங்களைச் செலவழித்தது. ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மீது போட்ட மூன்று பவுன் தலைவரியை எதிர்த்த 1913 போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த பெண். தமிழ்நாட்டில் 'தில்லையாடி வள்ளியம்மை' என்றால்தான் தெரியும். ஆனால் பிறந்ததும் அடக்கமானதும் ஜோகன்னஸ்பர்க். முதல் வரியில் 'ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர்' என்றே போட்டோம். குடும்பத்தின் ஊரான தில்லையாடி இரண்டாம் வரியில் வருகிறது. எனக்கு இது சரி என்றே படுகிறது; வருத்தப்பட்டவர்கள் இன்னும் வருத்தத்தில்தான் இருக்கிறார்கள்.

மேல்மாடிக் கூடத்தில் தமிழ் வகுப்பும் மிருதங்க வகுப்பும் நடக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பழைய அறைகளின் சாவி இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்