35 அங்குல ரயருக்கு 3.73 கியர்: உங்கள் கராஜ் செய்த வேலை பற்றிய புகார்

ஸ்காபரோ
யூலை 7, 2025

கராஜ் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். மே 16ஆம் திகதி என்னுடைய 2014 போர்ட் எஃப்-150 ட்ரக்குக்கு உங்களிடம் 35 அங்குல ரயர் நான்கும், முன் அக்ஸிலுக்கும் பின் அக்ஸிலுக்கும் 3.73 கியரும் போட்டேன். சில்லு ஒரு தரம் சுற்ற ட்ரைவ் ஷாஃப்ட் 3.73 தரம் சுற்ற வேண்டும் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் இழுவையும் கூடும். கியர் வேலைக்கு மட்டும் வரியோடு 3,900 டொலர் கட்டினேன். ட்றெயிலர் இழுக்கக் கஷ்டப்படக் கூடாது என்பதற்காகவே கொடுத்த காசு அது. ஆனால் இன்று அந்த ட்ரக், நான் வாங்கின நாளில் இழுத்ததைவிட மோசமாக இழுக்கிறது.

வேலைக்கு விட முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரக்கில் முதலில் இருந்த ரயர் 275/65ஆர்18. அதாவது 32 அங்குலம். அக்ஸில் கியர் 3.55. சாமான்கள் ஏற்றிய பிறகு ட்றெயிலரின் பாரம் 5,800 இறாத்தல். தராசில் ஏற்றி நிறுத்த சீட்டையும் காட்டினேன். கவுன்டரில் நின்ற தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒரு சைஸ் கூட்டி 3.73 போடுவோம் அண்ணை, அது காணும்" என்றார். எனக்கு அப்போது கணக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நீங்கள் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

யூன் 28ஆம் திகதி குடும்பத்தோடு அல்கொன்குயின் பூங்காவுக்குப் புறப்பட்டோம். பரி வரைக்கும் 400ஆம் நெடுஞ்சாலையில் பெரிய பிரச்சினை இல்லை. ஹன்ட்ஸ்வில்லில் திரும்பி 60ஆம் நெடுஞ்சாலை ஏறினதும் தொடங்கியது. ஒவ்வொரு ஏற்றத்திலும் ட்ரக் நாலாவது கியரில் மூச்சுத் திணறி மூன்றாவதுக்கு இறங்கும். அதுவும் போதாமல் இரண்டாவதுக்கு விழுந்து, என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டி அலறும். காலை ஒரு துளி எடுத்தால் உடனே மேலே போகும், போன கையோடு திரும்ப இறங்கும். பாரம் இழுக்கும்போது போடுகிற டோ-ஹோல் பொத்தானை அமத்தித்தான் வைத்திருந்தேன். ட்ரான்ஸ்மிஷன் வெப்ப ஊசி நடுக்கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பின்னால் வரிசையாக வாகனங்கள். பின் இருக்கையில் இருந்த அம்மா, "தம்பி, வண்டிக்கு ஏலாது, நிப்பாட்டு" என்றார். ஓரம் கட்டி, நான்கு பக்கச் சிமிக்கையும் போட்டு, சூடு இறங்கும்வரை அரை மணித்தியாலம் நின்றோம். இதே ட்ரக் இதே ட்றெயிலரை இதே ஏற்றத்தில் முன்பு இரண்டு கோடை காலம் இழுத்திருக்கிறது. ஒரு நாளும் இப்படி நிற்கவில்லை.

வீடு திரும்பியதும் உங்கள் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரயர் பெருத்தால் ஒரு சுற்றுக்குக் கூடத் தூரம் ஓடும். அதே அளவுக்கு இழுவை குறையும். 3.73ஐ 32ஆல் பெருக்கி 35ஆல் பிரித்தால் வருவது 3.41. கொம்பனி எனக்குத் தந்தது 3.55! ஒன்றையுமே கூட்டாமல் பழைய நிலைக்குத் திரும்புவதற்கே 3.88 வேண்டும். அதற்கு மேலே கிடைக்கிற கியர் 4.10. அதைப் போட்டால் பழைய ரயரில் 3.75 இருந்ததற்குச் சமம். ட்றெயிலர் இழுக்கிறவனுக்கு அதுதான் சரியான கியர். இரண்டு நிமிடக் கணக்கு இது. 3,900 டொலர் வாங்குகிற இடத்தில் யாராவது ஒருவர் போட்டிருக்க வேண்டாமா?

பழைய கியர்களைப் பெட்டியில் போட்டுத் தந்திருந்தீர்கள், அதற்கு நன்றி. எண்ணெய் துடைத்து, ஒரு பல்லில் சோக்கால் அடையாளம் வைத்து மகனும் நானும் எண்ணினோம். பெரிய பல்சில்லில் 39 பல், அதைச் சுற்றுகிற சின்னப் பல்சில்லான பினியனில் 11. நீங்கள் போட்டது 41க்கு 11. பெரிய சில்லில் வெறும் இரண்டு பல் கூட. அந்த இரண்டு பல்லுக்காக இரண்டு அக்ஸிலையும் கழற்றிப் பூட்டியிருக்கிறீர்கள்.

யூன் 30ஆம் திகதி தொலைபேசியில் கதைத்தேன். "பெரிய ரயர் போட்டால் அப்படித்தான் இருக்கும்" என்றார் அதே தம்பி. இன்னும் இரண்டு தரம் கேட்ட பிறகுதான், 3.73 கையில் இருந்தது, 4.10 எடுப்பதென்றால் இரண்டு கிழமை செல்லும் என்று சொன்னார். எனக்கு மனம் விட்டுப்போனது அந்த இடத்தில்தான். இரண்டு கிழமை என்ன, இரண்டு மாதமும் பொறுத்திருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். புதுக் கியர் போட்டால் முதல் 800 கிலோமீற்றருக்கு ட்றெயிலர் இழுக்கக் கூடாது, பிறகு கியர் எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதை வேறொரு மெக்கானிக் சொல்லித்தான் அறிந்தேன். பயணத்துக்கு முன் அந்தத் தூரம் ஓடியிருந்தது என் அதிர்ஷ்டம். எண்ணெய் இன்னும் மாற்றவில்லை. அடுத்தது, புது ரயருக்கு ஏற்றபடி ஸ்பீடோமீற்றரை நீங்கள் திருத்தவில்லை. 401ஆம் நெடுஞ்சாலையில் அது 100 காட்டும்போது போனில் அதைவிடக் கூடக் காட்டுகிறது. பொலிஸ் பிடித்தால் அபராதம் எனக்குத்தான்.

நான் கேட்பது இதுதான். முன்னுக்கும் பின்னுக்கும் 4.10 கியர் போட்டு, புது எண்ணெய் விட்டு, ஸ்பீடோமீற்றரையும் திருத்தித் தாருங்கள். கூலி நான் கட்ட மாட்டேன். 4.10 செற்றுக்கும் 3.73க்கும் விலையில் வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் தருகிறேன், 3.73ஐ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது பற்கள் பொருந்துகிற அடையாளத்தை மஞ்சள் பசை பூசிப் படம் எடுத்துத் தாருங்கள். இந்த முறை நானும் பார்க்க வேண்டும். இது முடியாது என்றால் கியர் வேலைக்குக் கட்டிய 3,900 டொலரைத் திருப்பித் தாருங்கள், வேறிடத்தில் செய்விக்கிறேன்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாகனத் திருத்த வேலைக்கும் புதுப் பாகங்களுக்கும் ஆகக் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. இன்று 52ஆவது நாள். ஓடியது 2,300 கிலோமீற்றர்.

எங்கள் ஆட்கள் நடத்துகிற கராஜ் என்று என் மைத்துனரையும் இரண்டு நண்பர்களையும் உங்களிடம் அனுப்பியவன் நான். பிரேக் வேலை, எண்ணெய் மாற்றுவது எல்லாம் நீங்கள் வடிவாகத்தான் செய்து தந்தீர்கள். அதனால்தான் வேறெங்கும் போகாமல் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன். யூலை 21க்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். ஓகஸ்ட் முதல் வாரத்துக்கும் பூங்காவில் இடம் பதிந்திருக்கிறோம், அதற்கு முன் ட்ரக் எனக்கு வேண்டும்.

பில்லின் பிரதி, ட்றெயிலரின் எடைச் சீட்டு, கணக்கு எழுதிய தாள் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்