சட்டைப்பை எந்தப் பக்கம்?

அன்புள்ள நண்பருக்கு,

நலம்தானே? உங்கள் தந்தையாரின் படங்கள் மூன்றும் கைக்கு வந்து நாற்பது நாட்கள் ஆகின்றன. ஓவியம் இன்னும் முடியவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தாமதத்துக்குக் காரணம் ஒரு மச்சம். ஸ்டுடியோ படத்தில் அது வலக் கன்னத்திலும், நண்பர்களோடு நிற்கும் படத்தில் இடக் கன்னத்திலும் இருந்தது. ஸ்டுடியோ படம் பெரியது, தெளிவானது என்பதால் அதையே நம்பிக் கட்டம் போட்டுக் கித்தானில் முகத்தை வரைந்து முடித்த பிறகுதான், அதில் சட்டைப்பை வலது மார்பில் இருப்பது கண்ணில் பட்டது. நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். இத்தனை காலம் வரைந்தவனுக்குச் சட்டைப்பை தெரியவில்லையா என்று நீங்கள் சிரிக்கலாம். வகிடு, மச்சம், தூக்கலான புருவம் எல்லாம் இடம் மாறவேண்டியிருந்ததால் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

அடுத்து நிறம். அந்தப் படத்தில் உதடுகள் ஏறக்குறையக் கறுப்பாகவே விழுந்திருக்கின்றன. அதை நம்பி வண்ணம் வைத்தபோது முகம் கடுகடுத்துப்போயிற்று. அந்தப் படம் எடுத்த பழைய வகைக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் உதட்டின் செம்மையும் கன்னத்தின் செம்மையும் இருட்டாகவே பதியும். சிவப்பையும் உணரும், படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் 1906-இலேயே விற்பனைக்கு வந்துவிட்டாலும், சிவப்பு விளக்கடியில் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம் என்ற வசதிக்காகப் பழைய வகையைப் பலர் நெடுநாள் விடவில்லை. ஆகவே உதட்டை இரண்டு படி வெளுக்க வைத்தேன். உடனே அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

கண்ணுக்குக் கீழிருந்த கோடுகளை நெகட்டிவிலேயே பென்சிலால் நிரவி, அவரை இளமையாக்கியிருக்கிறார்கள். நண்பர்களோடு நிற்கும் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், இடக் கண்ணின் கீழ் இரட்டை மடிப்பு தெரிகிறது. அதன் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். உச்சி வெயிலில் விழுந்த அந்த நிழலைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இருக்கும் முகத்தில் ஒட்டினால் ஒட்டாது.

மூன்றாவது, அடையாள அட்டைப் படம். முத்திரை ஒரு காதைத் தின்றுவிட்டது. மற்ற இரண்டிலும் அதே காது நிழலில் இருக்கிறது. உங்கள் காது அப்படியே தந்தையாருடையது என்று அம்மா சொல்வார்களே, நினைவிருக்கிறதா? சன்னலை இடப்பக்கம் வைத்து அமர்ந்து, யாரையாவது ஆறடி தள்ளி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நெருங்கி எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போய்ச் சிறுத்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய தோழன்