புதிய கணினியில் குலைந்து தெரியும் பழைய தமிழ்க் கோப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததை ஒட்டி, அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் பழைய கணினிகளை மாற்றிவருகிறார்கள். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவந்து புதிய கணினியில் திறந்தால் சங்கத் தீர்மானமும் கோயில் தலவரலாறும் ஆய்வேடும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக நிற்கின்றன. 'ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது' என்று அழித்துவிடுகிறார்கள். இல்லையென்றால், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து மறுபடி தட்டச்சு செய்யச் சொல்கிறார்கள். பெரும்பாலான கோப்புகளுக்கு இந்த இரண்டுமே வேண்டியதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000-த்தோடு லதா எழுத்துருவும் வந்தது. ஆனாலும் அதன் பிறகும் பல ஆண்டுகள் நம் அச்சு வேலை முழுக்கப் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற தனித்தனி எழுத்துருக்களிலும், திஸ்கி, டாம், டாப் என்ற குறியேற்றங்களிலும்தான் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடுகள்) நடந்தது. இவற்றில் பல, ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றியவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரையில் அதைத் தமிழாகக் காட்டுவது பாமினி எழுத்துருவின் வேலை. புதிய கணினியில் பாமினி இல்லையென்றால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. கோப்பில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

ஆகவே முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். குலைந்து தெரிகிறதே என்று முழுவதையும் தேர்ந்தெடுத்து லதாவுக்கோ நிர்மலாவுக்கோ எழுத்துருவை மாற்றிச் சேமிக்காதீர்கள். இதுதான் பலரும் முதலில் செய்வது, பெரிய சேதமும் இதனால்தான். அது எந்த எழுத்துருவில் அடித்த கோப்பு என்ற ஒரே தடயம் அதோடு அழிந்துபோகும். இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள் எவை, தமிழ்ச் சொற்கள் எவை என்று பிரிக்கவும் வழியிருக்காது. கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வேர்டில் அந்த எழுத்துகளின் நடுவே சுட்டியை வைத்துப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் மேலே உள்ள பெட்டியில் அதன் பெயர் நிற்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் 'ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்' என்ற பொத்தான் இருக்கிறது. கோப்பு கேட்கும் எந்த எழுத்துரு கணினியில் இல்லை, அதற்குப் பதிலாக எது போடப்பட்டிருக்கிறது என்ற விவரம் அங்கே கிடைக்கும்.

பெயர் தெரிந்ததும் பழைய கணினியின் சி டிரைவில் விண்டோஸ் உறைக்குள் (ஃபோல்டர்) இருக்கும் ஃபான்ட்ஸ் உறையிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்து வாருங்கள். அதே கணினியை விண்டோஸ் 11-க்கு உயர்த்தியிருந்தால் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற உறையில் பழையவை இருக்கும். ஆனால் அந்த உறை வழக்கமாகப் பத்து நாளில் தானாக நீங்கிவிடும், தள்ளிப்போடக் கூடாது. புதிய கணினியில் நிறுவும்போது வலது சொடுக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சும்மா 'இன்ஸ்டால்' கொடுத்தால் எழுத்துரு அந்தப் பயனருக்குரிய தனி உறையில் போய் உட்கார்ந்துகொள்ளும், சில பழைய மென்பொருள்களின் கண்ணுக்கு அது படாது.

எல்லாக் குலைவும் எழுத்துருவால் வருவதல்ல, பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சொல் இடைவெளியும் பத்தியும் ஒழுங்காக இருந்து, எழுத்துகள் மட்டும் ஆங்கிலமாகவோ தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகவோ தெரிந்தால் அது எழுத்துருச் சிக்கல். தலையில் சாய்கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், உள்ளே இருப்பது நல்ல யூனிகோடுதான். திறந்த மென்பொருள் தவறாகப் படிக்கிறது. எக்செல்லில் சி.எஸ்.வி. கோப்பை நேரடியாகத் திறக்கும்போது இது அடிக்கடி நேரும். டேட்டா பகுதி வழியாக உள்ளிழுத்து, 65001 என்ற யு.டி.எஃப்-8 வகையைக் கொடுத்தால் சரியாகிவிடும். வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால்தான் உண்மையான இழப்பு. யாரோ யூனிகோடு உரையைத் தமிழ் எழுத்துக்கு இடமில்லாத 'ஆன்சி' வகையில் சேமித்திருக்கிறார்கள், அந்தக் கோப்பிலிருந்து இனி எதையும் மீட்க முடியாது. பழைய நகலைத்தான் தேட வேண்டும். எழுத்து நன்றாகத் தெரிந்து வரிகளும் பக்கங்களும் மட்டும் இடம் மாறியிருந்தால், லதா இல்லாததால் வேறு எழுத்துரு நிரப்பியிருக்கிறது என்று பொருள். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

எழுத்துருவை நிறுவியதும் கோப்பு கண்ணுக்குச் சரியாகிவிடும். அதோடு நின்றுவிட வேண்டாம். இன்னொரு கணினிக்கு அனுப்பினால் மறுபடியும் அதே கதைதான், கோப்புக்குள் தேடவும் முடியாது. திருத்த உட்கார்ந்தால் வேறு ஆபத்து இருக்கிறது. பழைய கணினியில் வேர்டின் ஆட்டோகரெக்டை அணைத்து வைத்திருப்பார்கள், புதியதில் அது மீண்டும் விழித்திருக்கும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதன் வழக்கம். பாமினியில் சின்ன 'கே' மகரம், பெரிய 'கே' முகரம். 'மரம்' என்று தொடங்கும் வாக்கியம் 'முரம்' என்று மாறிவிடும். எனவே திருத்தும் முன் அதை அணையுங்கள், கூடிய சீக்கிரம் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றாயிற்று.

மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. பழைய குறியேற்றத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து உரையை ஒட்டினால் யூனிகோடாகத் தரும். முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போட்டால் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும்கூடத் தமிழாக உருமாறிவிடும். வேர்டின் தேடு பெட்டியில் எழுத்தை விட்டுவிட்டு ஃபார்மட் வழியாக எழுத்துருப் பெயரை மட்டும் கொடுத்தால், அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

மாற்றிய பின் மெய்ப்புப் பார்க்காமல் யாரும் அச்சுக்கு அனுப்பக் கூடாது. ஏனென்றால் இங்கே வரும் பிழைகள் கண்ணுக்குத் தெரியாதவை. அந்தக் காலத்தில் ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவமாக இருந்ததால், 'ர்' வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்துப் புள்ளி வைத்தவர்கள் ஏராளம். சில கருவிகள் அதை அப்படியே மாற்றித் தருவதால் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகிவிடுகிறது. உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு புலப்படாது, ஆனால் 'அவர்கள்' என்று தேடினால் கிடைக்காது. 'பெரிய' என்பதை ஒற்றைக்கொம்பு, பகரம், துணைக்கால், இகரக் கொக்கி என்று அடித்திருந்தால், முன்னே உள்ள கொம்பும் பின்னே உள்ள காலும் சேர்ந்து ஒகரமாகி 'பொிய' என்று நிற்கும். இவற்றைத் தயங்காமல் ஒட்டுமொத்தமாக மாற்றலாம்: தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகரக் குறியோ வரவே வராது. ஒகர ஓகாரப் பிழைகளை முதலில் திருத்திவிட்டு, துணைக்கால் பிழைகளைப் பிறகு திருத்துங்கள்.

ஔகாரம் அப்படியல்ல. பழைய எழுத்துருக்களில் அதன் பின்பாதியும் ளகரமும் ஒரே வடிவம். அதனால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்றும், 'மௌனம்' என்பது 'மெளனம்' என்றும் ஆகிவிடும். ஒட்டுமொத்தமாக மாற்றப் போனால் கெளுத்தி, தெளிவு, வெளிச்சம் எல்லாம் கெட்டுப்போகும். பௌர்ணமி, சௌகரியம், வௌவால் என்று சொல் சொல்லாகத்தான் தேடித் திருத்த வேண்டும். திஸ்கிக் கோப்புகளில் இகரத்தைத் தனியாகக் கவனியுங்கள். முதலில் அதற்குத் தந்த 173-ஆம் இடம், வரி முடிவில் மட்டும் தோன்றும் மறைவு இணைப்புக்குறியின் இடமாகவும் இருந்தது. அதனால் 'இந்த' என்பது வெறும் 'ந்த' என்று தெரியக்கூடும்.

மிகவும் கவலைப்பட வேண்டியவை, அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள். நம் நூல்களிலும் சிற்றிதழ்களிலும் பெரும்பகுதி அதில்தான் கோக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் சி.எஸ்.6-க்குப் பின் வந்த பதிப்புகள் அவற்றைத் திறப்பதில்லை. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கு அடோபி தந்த ஆதரவும் 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. பேஜ்மேக்கர் ஓடும் கணினி ஒன்று உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு உரைத்தொடருக்குள்ளும் சுட்டியை வைத்து, எக்ஸ்போர்ட் வழியாக ஆர்.டி.எஃப். கோப்பாக எடுத்துவிடுங்கள். வெறும் டெக்ஸ்டாக எடுத்தால் எழுத்துருப் பெயர் போய்விடும். பக்க அமைப்பு பிழைக்க, எழுத்துரு உள்ளே பதிந்த பி.டி.எஃப். ஒன்றும் எடுத்து வையுங்கள். அதன் ப்ராப்பர்டீஸில் ஃபான்ட்ஸ் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'எம்பெடட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அந்த பி.டி.எஃப்.பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பழைய ஆங்கிலக் குப்பைதான் வரும், அதையும் கருவியில் போட்டுத்தான் மாற்றியாக வேண்டும்.

இன்னும் கணினியை மாற்றாத அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் சங்கங்களுக்கும் தங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். வன்வட்டை அழிக்கும் முன் ஃபான்ட்ஸ் உறையை முழுதாக நகலெடுங்கள். சில நூறு எம்.பி.க்குமேல் பெரும்பாலும் வராது. ஸ்ரீலிபி போன்றவற்றோடு வந்த, மென்பொருள் ஓடக் கணினியில் செருக வேண்டிய டாங்கிள் பூட்டையும் நிறுவல் குறுந்தகட்டையும் தூக்கி எறியாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றிய பின்னும் மூலக் கோப்பை வைத்திருங்கள், அதன் பெயரிலேயே 'பாமினி', 'வானவில்' என்று குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்புப் பணியில் உள்ள வாசகர்,
சிவகாசி.