பந்தயம் காலையில், டயர் சோதனை மத்தியானத்தில்: ட்ராக் நிர்வாகத்துக்கும் அமைப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ட்ராக் நிர்வாகத்தினருக்கும் கார்ட் பந்தயத் தொடரின் அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் நீங்கள் எல்லா அணிகளுக்கும் அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது: "புதிய டயரைச் சோதித்துப் பார்க்க அனைத்து அணிகளுக்கும் போதிய வாய்ப்பு வழங்கப்பட்டது." அதைப் படித்தபோது, ஒரு சின்ன அணியின் மெக்கானிக்கான நான் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் டோக்கனுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில், எங்கள் அணியில் கார்ட் என்ற சின்னப் பந்தயக் காரை ஓட்டும் பையன், வலது கையில் மாவுக்கட்டோடு. பதின்மூன்று வயது. கட்டைப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு போனைப் பைக்குள் வைத்தேன். அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று நான்கு நாள் ஆறப்போட்டுவிட்டு, இப்போதுதான் முடிக்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக ஓட்டிய டயரை மாற்றி, அதைவிடக் கெட்டியான காம்பவுண்டை, அதாவது ரப்பர் கலவையை, கொண்டுவந்தீர்கள். பந்தயத்துக்கு 12 நாள் முன்னால் அறிவிப்பு, 6 நாள் முன்னால் டயர் கைக்கு வந்தது. டயரை மாற்றியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கெட்டியான ரப்பர் அதிக நாள் உழைக்கும், எங்களைப் போன்ற சின்ன அணிக்கு அது நல்லதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: டயரை மாற்றினால், பந்தயம் நடக்கும் அதே ட்ராக்கில், பந்தயம் நடக்கும் அதே நேரத்தில், எல்லா அணிகளுக்கும் பொதுவாக ஒரு நாள் டயர் சோதனைக்குக் கொடுங்கள்.

"கொடுத்தோமே" என்கிறீர்கள். அந்த நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை 5.45-க்குக் குட்டியானையில் இரண்டு கார்ட், இரண்டு செட் டயர், மூன்று கேன் தண்ணீரோடு கேட்டுக்கு வந்துவிட்டோம். வண்டியின் பின்னால் பையனும், எங்கள் இரண்டாவது கார்ட்டை ஓட்டும் பெண்ணும். காலை ஆறு மணி முதல் மத்தியானம் வரை என்று அரைநாள் கட்டணம் முன்கூட்டியே கட்டியிருந்தோம். வாட்ச்மேன் அண்ணன் பாவம், கேட்டைத் திறக்கவில்லை. ட்ராக் இரண்டு நாளாக ஒரே அணிக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் முடித்தபிறகு உங்கள் முறை என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்கு லேப், உள்ளே வருவார்கள், பிரஷர் பார்ப்பார்கள், மறுபடி நான்கு லேப். அழகாக வேலை செய்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, காசு கட்டியிருக்கிறார்கள், முறையாகச் சோதித்தார்கள். நாங்களும் காசு கட்டித்தான் வெளியே நின்றோம்.

பத்தரை மணிக்கு அவர்கள் முடித்தார்கள். சரி, இனி நாம்தான் என்று கார்ட்டை இறக்கினோம். அதற்குள் ஒரு கம்பெனி ஆட்கள் இருபது பேர் வாடகைக் கார்ட் ஓட்ட வந்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் வண்டியின் நிழலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. எங்களுக்கு ட்ராக் கிடைத்தபோது மணி 1.30.

கைப்பிடி வெப்பமானியைத் தாரில் காட்டினேன். 58 டிகிரி. முந்தைய சுற்றில் காலை எட்டரை மணிக்கு இதே தாரில் நான் பார்த்தது 31. நம் பந்தயத்தின் முதல் ஹீட், அதாவது முதல் ஓட்டம், காலை எட்டரைக்குத்தான் தொடங்குகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டயரில் காற்றின் பிரஷரை 12 பி.எஸ்.ஐ வைத்து அனுப்பினேன். எட்டு லேப் முடித்துப் பையன் உள்ளே வந்ததும் கேஜை வைத்தால் 18. டயர் பலூன் மாதிரி நடுவில் புடைத்து, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பளபளத்தது. கார்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது, எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்குகிறது என்றான். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. ஓவராலுக்குள் அரை கேன் தண்ணீர் ஊற்றினோம். பிரஷரை ஒன்பதரைக்கு இறக்கி மறுபடி அனுப்பினேன். கார்ட் பிடித்தது, நேரமும் குறைந்தது. இன்னும் ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதே சிவப்புக் கொடி. 1.55. அடுத்த கூட்டம் ஹெல்மெட் மாட்டி வரிசையில் நின்றது. இரண்டாவது கார்ட் அன்று ட்ராக்கில் இறங்கவே இல்லை. இருபத்தைந்து நிமிடம். அரைநாள் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

நேரம் குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த இருபத்தைந்து நிமிடம் எங்களுக்குத் தப்பான பதிலைக் கொடுத்ததுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. கொதிக்கிற தாரில் டயர் தானாகவே சூடாகிறது, உள்ளே காற்று விரிகிறது, அதனால் குறைந்த பிரஷரில் தொடங்கினால் சரியாக இருக்கிறது. காலைக் குளிர்ச்சியில் இது தலைகீழ். கெட்டியான காம்பவுண்ட் சூடேறவே நேரம் எடுக்கும், அதைச் சீக்கிரம் சூடேற்ற வேண்டுமானால் அதிகப் பிரஷரில் தொடங்க வேண்டும். எவ்வளவு அதிகம்? அதைக் காலையில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பழைய டயருக்கு அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். புதிய டயருக்கு என் கையில் இருந்தது மத்தியானக் கணக்கு மட்டும். ஒன்பதரையோடு ஒரு புள்ளி கூட்டி, பத்தரை வைத்தேன். நான்தான் வைத்தேன். அந்தக் கேஜைப் பிடித்திருந்தது என் கைதான்.

முதல் ஹீட், இரண்டாவது லேப். கொண்டை ஊசி வளைவில் பையன் பிரேக் பிடித்ததும் பின்பக்கம் நழுவியது. கார்ட் குறுக்கே திரும்பி நின்றது. பின்னால் வந்தவனுக்கு விலக இடமில்லை. அவன் மேலும் தப்பில்லை. கார்ட்டைச் சரிபார்க்கும் பிட்டிலிருந்து நான் ஓடிப்போனபோது பையன் ஸ்டியரிங்கை இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணா, டயர் இன்னும் சூடாகவே இல்லண்ணா" என்றான். வலிக்கிறது என்று அதற்கப்புறம்தான் சொன்னான்.

உங்கள் மார்ஷல்கள் நொடியில் வந்தார்கள், ஆம்புலன்ஸ் தயாராக இருந்தது. அதற்கு மனமார்ந்த நன்றி, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது ஹீட்டில் அந்தப் பெண்ணின் கார்ட்டுக்கு 14 வைத்தேன். இரண்டாவது லேப்பிலேயே டயர் பிடித்தது, ஒரு வளைவிலும் நழுவவில்லை. ஆக, பதில் 14-க்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. காலையில் ஒரே ஒரு அரை மணி நேரம் கிடைத்திருந்தால் இதை வியாழக்கிழமையே கண்டுபிடித்திருப்பேன். பையனின் முன் இடது டயரைப் பட்டறையில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதன் தோள்பட்டையில், அதாவது ஓர விளிம்பில், ரப்பர் தேங்காய்த் துருவல் மாதிரி சின்னச் சின்னச் சுருளாக உரிந்து நிற்கிறது. குளிர்ந்த டயரை இழுத்து ஓட்டினால் இப்படித்தான் உரியும். நம்பாதவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

இது சின்ன ட்ராக், சின்னப் பிள்ளைகள் பந்தயம், இதற்கு இவ்வளவு சோதனை எதற்கு என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். டயரை அந்த இடத்தில் ஓட்டிப் பார்க்காமல் இறங்கினால் பெரிய ஆட்களுக்கும் இதே கதிதான். 2005 ஜூனில் இண்டியானபோலிஸ் பார்முலா ஒன் பந்தயம் நினைவிருக்கும். சாய்வான 13-வது வளைவின் அழுத்தத்தை மிஷெலின் டயர் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கர் சுவரில் மோதினார். ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் போய்விட்டன. ஓடியது ஆறே கார். அதில் நான்காவதாக வந்தவர் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், பார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர். நம் ஊர்ப் பிள்ளைக்குப் பெருமை கிடைத்த நாள் என்று நாம் அதைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒரு மெக்கானிக்காக எனக்கு அந்த நாள் சொல்வது வேறு: டயர் தாங்காது என்று தெரிந்ததும் அவர்கள் காரை உள்ளே கொண்டுவந்தார்கள். தாங்குமா, பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளக்கூட எங்களுக்கு வழியில்லை.

ஒரே ஒரு அணிக்கு மட்டும் கூடுதல் சோதனை என்பதும் அங்கே பெரிய விவகாரமானது. 2013 மே மாதம் பார்சிலோனாவில் மெர்சிடிஸ் அணி அந்த வருடத்துக் காரை வைத்துப் பிரெல்லி டயரில் 1,000 கி.மீ. சோதனை ஓட்டியது, மற்ற அணிகளுக்குத் தெரியாமல். விஷயம் தீர்ப்பாயம் வரை போனது. மெர்சிடிஸ், பிரெல்லி இரண்டு தரப்புக்கும் கண்டனம், மெர்சிடிசுக்கு அடுத்த இளம் ஓட்டுநர் சோதனையில் கலந்துகொள்ளத் தடை. நம் ட்ராக்கில் யாரும் ஒளித்துச் செய்யவில்லை, விதியை மீறவும் இல்லை. ஏனென்றால் நம்மிடம் விதியே இல்லை. அதைத்தான் எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

இன்னொரு ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பந்தயம் என்றால் சோழவரம் விமான ஓடுதளத்தைச் சொல்லாமல் முடியாது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்தது, 2003-இல் செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் ட்ராக் வந்தது. டயரை எடுத்துக்கொண்டால், 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், தேர்வாய் கண்டிகை, மதுரை என்று போகிற பக்கமெல்லாம் டயர் தொழிற்சாலை. இத்தனை டயர் செய்யும் மாநிலத்தில், தன் கார்ட்டில் மாட்டிய டயரை விடிகாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு இடமில்லை. பையனின் அப்பா வெல்டர். ஒரு செட் டயருக்கு நாங்கள் கொடுக்கும் பணத்தில் பட்டறையின் ஒரு மாத வாடகையைக் கட்டிவிடலாம். அந்த மனிதர் இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

காம்பவுண்ட் மாறும் ஒவ்வொரு முறையும், முதல் பந்தயத்துக்கு முன் ஒரு பொதுச் சோதனை நாள் வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் இருபது நிமிடம் வீதம் மூன்று முறை போதும், அதற்கு மேல் பேராசைப்பட மாட்டோம். அன்று தனி அணிக்கோ வாடகைக் கார்ட்டுக்கோ ட்ராக்கைக் கொடுக்க வேண்டாம். வாடகைக் கார்ட்டின் ரப்பர் வேறு, அது தாரில் படிந்தால் நாங்கள் எடுக்கும் கணக்கே மாறிவிடும். அப்புறம், டயர் கொடுப்பவர்கள் சொல்லும் பிரஷர் அளவைப் அணிகள் நிற்கும் பேடாக் இடத்துப் பலகையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள். இந்த முறை அது சிலருக்குத் தெரிந்திருந்தது, சிலருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் வாடகை வருமானம் போகும் என்று நிர்வாகம் கவலைப்படுவது நியாயம்தான். வாடகைக் கார்ட் காசில்தான் ட்ராக் நிற்கிறது என்று எனக்கும் தெரியும். அதனால் ஏழு சின்ன அணிகளிடம் பேசிவிட்டேன். அந்த நாளுக்கான கட்டணத்தில் எங்கள் பங்கைக் கொடுக்க எல்லோரும் சம்மதித்திருக்கிறார்கள். இலவசமாக யாரும் கேட்கவில்லை. காலை நேரத்தைத்தான் கேட்கிறோம்.

உங்கள் கடிதத்தில் உள்ள அந்த வரியைத் திருத்தி அனுப்பினாலும் மகிழ்வேன். "போதிய வாய்ப்பு" என்ற சொற்களைப் பையனின் அப்பாவும் படித்துவிட்டார்.

அடுத்த சுற்றுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதில் எங்கள் பையன் ஓட்டப்போவதில்லை, ஆனால் அந்தப் பெண் ஓட்டுவாள், இதே டயரில், இன்னும் பல பிள்ளைகளோடு. இரண்டு வாரத்துக்குள் சோதனைத் தேதியைச் சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு கேட்க வசதியாக இருக்கும். எந்த நாளானாலும் காலை ஆறு மணிக்கு முன்னால் கேட்டில் இருப்போம். தயவுசெய்து கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு கார்ட் வைத்திருக்கும் ஒரு சின்ன அணியின் மெக்கானிக்