படகைக் குடைந்தது தீ

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பழங்குடிகள் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், வக்கமா மக்கள் கல் கோடரியால் மரத்தைக் குடைந்து படகு செய்ததாக வந்திருக்கிறது. அந்தக் கரோலினா கரையோரத்தில் பெரும்பாலும் குடைந்தது தீ. கிடத்திய அடிமரத்தின் மேல் பிசினுள்ள பைன் சுள்ளிகளை எரிப்பார்கள். கரியானதைச் சிப்பியால் சுரண்டியெடுத்து, மறுபடி தீ. விளிம்பில் ஈரக் களிமண் அப்பாவிட்டால் நெருப்பு பக்கவாட்டைத் தின்றுவிடும். நடுவில் கனல் அதிகநேரம் நின்றால் அடி ஓட்டைதான். மூங்கில் பிளாச்சில் பரிசல் பின்னும் நம் பவானி ஆற்றுக்காரர்களுக்கு இது வேறு வித்தை.

வட கரோலினாவின் வக்கமா ஏரியில் 2021இல் தட்டுப்பட்ட 28 அடிப் படகு 2023 ஏப்ரலில் கரையேறியது. வயது ஏறக்குறைய 1,000 ஆண்டு. இப்படி ஊறிய மரத்தை அப்படியே காயவிடக் கூடாது. கிணற்றில் கிடந்த பழைய கட்டையை மேட்டில் போட்டால் வெடிக்குமே, அதே கதை: நீர் போனதும் மரத்தின் உள்ளறைகள் சுருங்கிவிடும். அதனால் நீருக்குப் பதிலாக மெழுகுபோன்ற பாலிஎத்திலீன் கிளைக்காலை மெல்ல ஏற்றுவது வழக்கம்.

'அழிந்த இனம்' என்றதும் தவறு. வட கரோலினா 1971இலும், தென் கரோலினா 2005இலும் வக்கமா மக்களை அங்கீகரித்துள்ளன.

வாசகர், சத்தியமங்கலம்